முதலில் தரைக்கோடு

மீட்டிங் அறைச் சுவரில் என் படம் ஆளுயரத்துக்கு விரிந்து நின்றது. கறுப்பு, சிவப்பு, பச்சை என்று மூன்று ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது. மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூரு போகும் காலை ரயிலில், லேடீஸ் பெட்டியின் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வரைந்திருந்தேன். வண்டி குலுங்கிய இடத்திலெல்லாம் கோடும் குலுங்கியிருந்தது. எனக்கு அதுகூட அழகாகத்தான் தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் நவீன் கையைத் தூக்கினான். எனக்கு அடுத்த நாற்காலிக்காரன், கோயம்புத்தூர்ப் பையன்.

"மேகலா, ஒரு சின்ன சந்தேகம். இது லிஃப்ட்தானே? அப்புறம் ஏன் மூணாவது மாடி அடியில இருக்கு?"

இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. "மொட்டைமாடியில நர்ஸுங்க எதுக்கு நிக்கிறாங்க? வடாம் காயப் போடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சத்தியமாக, எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. மூன்று அடியில்தானே இருக்கும்? வேறு எங்கே இருக்கும்?

எங்கள் குழுத் தலைவி வந்தனா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார். "வாசல் கீழேதானே இருக்கும்? கீழே டாக்டர் நிற்கிறார். அப்படியானால் முதலில் டாக்டர் பார்க்கிறார், பிறகு மெஷினில் ரத்தம் போகிறது, கடைசியில்தான் லேபிள் ஒட்டுகிறார்கள். இப்படியா நம் சாஃப்ட்வேர் வேலை செய்கிறது?"

இல்லை. நேர் தலைகீழ்.

"வெள்ளிக்கிழமைக்குப் படம் வேண்டாம், மேகலா. ரெடியான ஸ்லைடு இருக்கிறது. அதையே போட்டுவிடு" என்றார்.

வெள்ளிக்கிழமையில் என்ன இருந்தது

நான் அப்போது ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஃபோன் எடுக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர் செய்கிறது. வார்டில் ஒரு நர்ஸ் நோயாளியின் ரத்தம் எடுத்து, கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்துவார். அந்தக் கோரிக்கை லேபுக்குப் போகும். லேபிள், மெஷின், டாக்டரின் பார்வை என்று மூன்று இடம் தாண்டி ரிப்போர்ட்டாகத் திரும்பி வரும்.

ஓர் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் தாமதமாக வந்தது. தாமதமானதும் நர்ஸுகள் மறுபடி பட்டனை அழுத்தினார்கள். அது இன்னும் தாமதமானது. இன்னும் அழுத்தினார்கள். கடைசியில் எனக்கு ஃபோன் செய்து திட்டினார்கள். கன்னடத்தில், தமிழில், மலையாளத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மலையாளம் மட்டும் பாதிதான் புரியும், அந்த அளவுக்கு லாபம்.

ஏற்கெனவே ஒருவர் போய் ஸ்லைடு போட்டு விளக்கிவிட்டு வந்திருந்தார். ஒன்றும் மாறவில்லை. வந்தனா மேடம் என்னைக் கூப்பிட்டார். "உனக்கு மூன்று மொழி தெரியும். வெள்ளிக்கிழமை நீ போய்ப் பேசு. அவர்களுக்குப் புரிந்துவிட்டால் பயிற்சி கொடுக்கும் குழுவுக்கு உன்னை மாற்றுகிறேன். இல்லையென்றால் ஃபோன்தான்."

எனக்கு அந்த வேலை வேண்டும். அப்படி வேண்டும்! நின்றுகொண்டு, நாலு பேர் முகத்தைப் பார்த்து, ஒரு விஷயத்தைப் புரியவைக்கிற வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். போர்டுக்கு முன்னால் நிற்கும் ஆளாக ஆக வேண்டும் என்று எனக்கு எத்தனை வருட ஆசை என்பது இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

சுவரைப் படித்த அம்மா

படம் போடும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எங்கள் விகாரைச் சுவர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

கேஜிஎஃப் தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் பகுதியில், தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி அந்த விகாரை. உள்சுவரில் புத்தரின் கதையை வரிசையாக வரைந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தனம் முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படத்திலிருந்து நடப்பாள். படத்துக்கு அடியில் இரண்டு வரி எழுதியிருக்கும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் படத்தைப் பார்த்து முழுக் கதையும் சொல்வாள். தேரில் போகிறவன் நோயாளியைப் பார்க்கும் இடத்தில் நின்று, "பார்றி, குதிரைகூட மூஞ்சியத் திருப்பிக்குது" என்பாள். அந்தக் குதிரையைப் பற்றி அடியில் ஒரு வார்த்தையும் எழுதியிருக்காது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நான் படித்துப் பார்த்தேனே!

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் ஆங்கிலத்தில் ஓடும்போது என் பேனா பின்தங்கிவிடும். வார்த்தையைப் பிடிக்க முடியாத இடத்தில் படமாகப் பிடித்தேன். மெமரியை வேலைக்காரி அடுக்கும் அலமாரியாக, வைரஸை ரேஷன் கடை வரிசையில் இடையில் புகுகிற ஆளாகப் போட்டுவைத்தேன். பரீட்சைக்கு முதல் நாள் என் தாளைத்தான் தோழிகள் ஜெராக்ஸ் எடுப்பார்கள். இதற்கு ஸ்கெட்ச்நோட் என்று ஒரு பெயர் உண்டு, இதை வைத்துப் பிழைப்பவர்களே இருக்கிறார்கள் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் செய்துகொண்டிருந்த திருட்டு வேலைக்கு ஒரு மரியாதையான பெயர்!

அம்மாவுக்கு மட்டும் என் வேலை என்னவென்று தெரியாது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறாள் அவள். குழாயடியில் பக்கத்து வீட்டு மணியக்கா கேட்டால், "ஃபோன்ல பேசுற வேலை. ஏசி ரூமு" என்பாள்.

"ஃபோன்ல பேசறதுக்கா சம்பளம் தர்றான்? அப்படின்னா எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு ஆளு சம்பளம் தரணுமே!" என்பாள் மணியக்கா.

அம்மா சிரிப்பாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நெசமா நீ இன்னாதான் பண்றே அங்க?" என்று கேட்பாள். நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வரியிலேயே சர்வர் வந்துவிடும். "சர்வரா? ஓட்டல்லயா?" என்பாள். அதோடு முடிந்தது.

நம்பர் ஏறினால் ஆழம்

மீட்டிங் அன்று மதியம் சாப்பிடும்போதுதான் நவீனிடம் கேட்டேன். "மூணு கீழ இருந்தா இன்னா தப்பு?"

"லிஃப்ட்ல ஏறினா நம்பர் ஏறணும்ல?"

"எங்க ஊர்ல இறங்கினாதான்டா நம்பர் ஏறும்."

அவன் சப்பாத்தியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஊரில் தரைக்கு மேலே எண்ண ஒன்றும் இல்லை. எல்லாம் ஒற்றை அடுக்கு வீடு. எண்ணியதெல்லாம் கீழேதான். நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பா அதன் பிறகு இதே ரயிலில் பெங்களூருக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். ஆனாலும் நாங்கள் பெண்பிள்ளைகள் தெருவில் விளையாடியது கேஜ் விளையாட்டு.

செங்கல் துண்டால் தரையில் நீளமாக இரண்டு கோடு. அதுதான் ஷாஃப்ட், சுரங்கத்துக்குள் நேராக இறங்கும் குழி. குறுக்கே கட்டம். உச்சியில் தரை, அதற்கடியில் ஒன்று, இரண்டு, மூன்று. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுதான் கேஜ். ஒருத்தி பெல்காரி, சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் அடிப்பாள். அவள் அடிக்காமல் யாரும் அடுத்த கட்டத்துக்கு நகரக் கூடாது. "பெல்லு அடிடி" என்று இரண்டாம் தரம் கேட்டவள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். யாராவது விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் தட்டில் விடாமல் அடி விழும். கேஜில் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும், அடிபட்டவள்தான் முதலில் மேலே. இந்த விதியை எங்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பெரியவர்கள் பேச்சிலிருந்து எங்கள் விளையாட்டுக்குள் தானாக வந்து சேர்ந்தது.

அதனால்தான் காலை ரயிலில் என் படத்தைக் காட்டியபோது அத்தனை வரவேற்பு. "அய்ய, கேஜ் வரைஞ்சிருக்கா பாருங்கடி!" என்று கைமாறிக் கைமாறிப் பெட்டி முழுக்கப் போய் வந்தது. பூ கட்டிக்கொண்டிருந்தவள் நாரை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தாள். எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோரும் நம் ஊர்க்காரிகள், புரியாமல் என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்!

ஷோபா பார்த்த கிணறு

சாயங்கால வண்டியில் ஷோபா இருந்தாள். பூதிகோட்டைப் பெண், மருந்துக் கடையில் வேலை. பங்காருப்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடிப்பாள். என்னிடம் தமிழில்தான் பேசுவாள், ஆனால் அதில் பாதி கன்னடம். அவர்கள் வீட்டில் தக்காளி போடுகிறார்கள். சுரங்கத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

படத்தை அவள் மடியில் வைத்தேன். "ஒண்ணும் கேக்காத. பார்த்துட்டு இன்னா தெரியுதுன்னு சொல்லு."

தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் பதறிப்போய், "அய்யோ பாவ! இத்தனை பேரு கிணத்துல எப்படி விழுந்தாங்க?" என்றாள்.

எதிர் சீட்டில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

நான் தாளைப் பிடுங்கித் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "இப்ப பாரு" என்று மேலாகக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். "இது தரை. இங்க ஒரு மரம். இங்க நீ நிக்கறே, பைய மாட்டிக்கிட்டு."

"என் ஜடை இவ்ளோ குட்டையா?"

ஜடையை நீட்டினேன். "இப்ப உன் காலுக்குக் கீழ ஒரு வழி போகுது. நீ ஒரு சீட்டு எழுதி இந்தப் பெட்டியில போடறே. பெட்டி இறங்குது. இது முதல் நிறுத்தம், லேபிள் ஒட்டறாங்க. இன்னும் இறங்குது. இங்க மெஷினு. இன்னும் ஆழம். இங்க டாக்டர். சீட்டு ரிப்போர்ட்டா மாறி மேல வருது. யார் கைக்கு?"

"என் கைக்கு!" என்றாள் ஷோபா. "இது புரியுது. மொதல்லயே இத காட்டறதுக்கு என்ன?"

"அதே படம்தான்டி!"

இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஹௌதா, அப்படியா? ஆனா அத நீயே போய் முடிச்சிட்டு வந்து காட்டினே. இதுல நான் உன்கூடவே வந்தேன்ல?"

வண்டி மாலூரில் நின்றது. வேர்க்கடலைக்காரர் ஏறினார், ஷோபா இரண்டு பொட்டலம் வாங்கினாள். அவள் கொடுத்த பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. முன்பக்கம் நான் செய்த தவறு, பின்பக்கம் அதற்கு வழி, இரண்டும் ஒரே தாளில். முடிந்த படத்தை மாட்டினால் ஒவ்வொருவரும் தனக்குப் பழகிய வாசல் வழியாக உள்ளே நுழைகிறார்கள். கோயம்புத்தூர்க்காரன் மாடி வழியாக வந்தான். பூதிகோட்டைக்காரி கிணற்று வழியாக. தரைக்கோட்டை அவர்கள் கண்முன்னே போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றாக வேண்டும். நான் முடித்துவிட்டு அழைக்கக் கூடாது, வரையும்போதே அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

பங்காருப்பேட்டையில் அவள் இறங்கும்போது ஜன்னல் வழியாகக் கத்தினேன். "ஷோபா, நீ ஜீனியஸ்!"

"கடலைய தின்னு, ஆறிடும்" என்றாள்.

போர்டு

வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் இருபது, முப்பது நர்ஸுகள். பாதிப் பேர் டியூட்டி முடித்துவிட்டு அப்படியே வந்தவர்கள். முன்வரிசையில் மேரி சிஸ்டர், அங்குள்ளவர்களில் மூத்தவர். அவர் குரலை ஃபோனில் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டவுடன் முதுகு நிமிர்ந்துவிடும் குரல்.

ப்ரொஜெக்டரைப் பார்த்ததும் அவர் சொன்னார், "இன்னொரு ஸ்லைடாம்மா? போன தடவ போட்டதுலயே எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. தெரிஞ்சிருந்தா இந்தத் தடவ தலகாணி கொண்டு வந்திருப்பேன்."

கூட வந்திருந்த வந்தனா மேடத்தின் காதில் சொன்னேன். "மேடம், அஞ்சு நிமிஷம் போர்டு குடுங்க. புரியலன்னா ஸ்லைடு போட்டுடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மார்க்கரை எடுத்துக் கொடுத்தார்.

போர்டின் மேல்பக்கம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தே ஒரு கோடு இழுத்தேன். "இது உங்க வார்டு. எல்லாரும் இங்கதான் நிக்கறோம்." கட்டில் ஒன்று. பக்கத்தில் ஒரு நர்ஸ்.

"அது யாரு, மேரி சிஸ்டரா?" என்றது ஒரு குரல்.

"என் இடுப்ப பாதியாக் குறைச்சிருக்கா. நல்ல பொண்ணு" என்றார் மேரி சிஸ்டர். அறை கலகலத்தது. எனக்குத் தெம்பு வந்தது.

கோட்டுக்குக் கீழே வழி தோண்டினேன். கூண்டைப் போட்டேன். அதில் ஒரு குட்டி ஆள், தலையில் நோயாளியின் சீட்டு. லேபிள், மெஷின், டாக்டர் என்று ஒவ்வொரு நிறுத்தமாக இறக்கினேன். எண் எதுவும் போடவில்லை. கூண்டில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் போக முடியும், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்று சொன்னேன்.

"சரி, ரிப்போர்ட் வரல. நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"மறுபடி அழுத்துவோம்."

வரிசையின் கடைசியில் இன்னொரு ஆளை வரைந்தேன். அதே முகம், அதே சீட்டு.

"இன்னும் வரல."

"இன்னொரு தடவ அழுத்துவோம்!"

இன்னொரு ஆள். "இன்னும் வரல!"

இப்போது பின்வரிசையெல்லாம் சேர்ந்து கத்தியது. "அழுத்து! அழுத்து!" என் கை ஓடியது. வட்டத்தலை, குச்சிக்கால், வட்டத்தலை, குச்சிக்கால். வரிசை வளைந்து, கட்டிலைச் சுற்றி, போர்டின் விளிம்பில் போய் முட்டி நின்றது. சுவரில் வரையலாமா என்பதுபோல் நான் திரும்பிப் பார்த்தேன்.

மேரி சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போர்டைப் பார்த்தார். வரிசையின் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை விரலால் காற்றில் கோடு இழுத்துப் பார்த்தார்.

"அடப்பாவிகளா" என்றார் மெதுவாக. "இதெல்லாம் நாமதானா?"

அந்தச் சிரிப்பை நான் என்னவென்று எழுதுவது! ஒருவர் தோளை ஒருவர் தட்டி, "உன்னாலதான்டி, நீதான் பத்துத் தடவ அழுத்துவ" என்று ஒரே அமர்க்களம். வந்தனா மேடம்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

சத்தம் அடங்கியதும் மேரி சிஸ்டர் கேட்டார், "எல்லாம் சரி. உயிருக்குப் போராடற கேஸ் வந்தா? அதுவும் இந்த வரிசையிலதான் நிக்கணுமா?"

அதற்குத் திரையில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. ஆனால் யாரும் தொடுவதில்லை. தயாராக வைத்திருந்த பதில் அதுதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் கேஜிஎஃப் சிஸ்டர். சுரங்கத்து ஊரு. எங்க ஊர்ல யாருக்காவது அடிபட்டா, விடாம பெல் அடிப்பாங்க. கேஜ்ல யார் இருந்தாலும் இறங்கிடணும். அடிபட்டவங்கதான் முதல்ல மேல." டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் போர்டில் தட்டினேன். டக் டக் டக் டக். வரிசையில் இருந்தவர்களைத் தள்ளி ஒரு சிவப்பு ஆள் நேராகக் கூண்டுக்குள் போனான். "உங்க திரையில அந்தப் பெல் இருக்கு. கீழ மூலையில சின்னதா, சிவப்பா."

"அது பெல்லா? நான் கம்ப்யூட்டர அணைக்கற பட்டன்னு பயந்து தொடாம இருந்தேன்!" என்றார் மேரி சிஸ்டர். எழுந்து வந்தார். என் கையிலிருந்து சிவப்பு மார்க்கரை வாங்கினார். தரைக்கோட்டுக்கு மேலே, நர்ஸின் கைக்குப் பக்கத்தில், கட்டிலைவிடப் பெரிதாக ஒரு மணி வரைந்தார். "இங்க இருக்கணும். கைக்கு எட்டற இடத்துல. மூலையில வச்சா யாரு பார்ப்பா?"

வந்தனா மேடம் போர்டைப் படம் எடுத்தார். அன்றைக்கே அதைப் பட்டன் வைப்பவர்களுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அந்தப் பட்டன் மேலே ஏறிவிட்டது. மணி உருவத்திலேயே!

திரும்பும் வழியில் ஆட்டோவில் மேடம் சொன்னது ஒரே வாக்கியம். "திங்கட்கிழமை ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு." நான் ஆட்டோவிலேயே நவீனுக்கு மெசேஜ் போட்டேன். பதிலுக்கு அவன் ஒரு பில்டிங்கைத் தலைகீழாக வரைந்து அனுப்பினான்.

அதே மூஞ்சி

வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் இருந்த போர்டு படத்தை அம்மாவிடம் நீட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விகாரைச் சுவரில் பார்ப்பதுபோல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். கட்டில். நர்ஸ். கூண்டு. வரிசையில் அவள் விரல் நின்றது.

"மேகலா, இவ்ளோ பேரு நிக்கறாங்களே, எல்லாம் ஒரே ஆளா? அதே மூஞ்சியா கீது?"

"ஆமாம்மா!"

"ஒருத்தனே திரும்பத் திரும்ப வந்து நின்னா மத்தவன் எப்பதான் போவான்?" என்றாள் அம்மா. "இதப் போயா அவங்களுக்கு எடுத்துச் சொன்னே?"

"இதத்தான்மா!"

மறுநாள் காலை குழாயடியில் குடங்களின் சத்தம். நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மணியக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். "இன்னாக்கா, உன் பொண்ணுக்கு இன்னமோ பெரிய வேலையாமே? இப்ப ரெண்டு ஃபோன்ல பேசணுமா?"

அம்மா குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். அடுப்புக்கரித் துண்டு ஒன்று கீழே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். துணி துவைக்கும் கல்லில், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, நிதானமாக ஒரு கோடு இழுத்தாள்.

"இது தரை" என்றாள். "நீ இங்க நிக்கறே. இப்படி வா, சொல்றேன்."

மணியக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.